கட்புலனாகா மனிதனும் அறத்தின் தேய்வும்

அதிகாரம் மனிதனைக் கெடுக்கும் என்பது இன்று பழமொழிபோல் வழங்கும் கருத்து. ஆக்டன் பிரபு 1887ஆம் ஆண்டில் கிரைட்டன் என்னும் சமய வரலாற்றாசிரியர்க்கு எழுதிய மடலொன்றில் இதனைச் சுருங்கிய வடிவிற் கூறினார். அதன்பின் வரலாறு எழுதுவோரும் அரசியல் பேசுவோரும் அதனையே எடுத்தாண்டு வருகின்றனர். அறிவியற் புனைகதைகளை ஆராய்வோர் பலர்க்கும் இதுவே கைவிளக்காயிற்று. அறிஞன் ஒருவன் அரிய ஆற்றலொன்றைப் பெறுகிறான்; பெற்ற ஆற்றல் அவனைக் கெடுக்கிறது; கெட்டவன் அழிகிறான் என மூன்று படியாகக் கதைப்போக்கை வகுத்து அவர்கள் அமைந்துவிடுகின்றனர். இவ்வகுப்பு மிக எளிது. அது பொருந்தாத இடத்தும் பொருந்துவதுபோலத் தோன்றுவதற்கு அவ்வெளிமையே காரணம் என்று யாம் கருதுகின்றோம்.

எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘கட்புலனாகா மனிதன்’ என்னும் நெடுங்கதை இம்மூன்று படிக்கும் சிறந்த எடுத்துக்காட்டாகப் பலரால் காட்டப்பெறுவது. அந்நூலைக் கூர்ந்து பயில்வார்க்கு இரண்டாம் படி அங்கே இல்லை என்பது புலனாகும். ஆற்றல் கைவந்தபின் கெட்டவன் அல்லன் அந்நூலின் தலைவன். ஆற்றலைத் தேடிய காலத்திலேயே, அது கைக்கு எட்டுமுன்னரே, அவன் கெட்டு முடிந்தவன். இவ்வேறுபாடு சொல்லளவில் சிறிது, பொருளளவில் பெரிது. கேடு ஆற்றலில் உளதாயின் ஆற்றலை ஒளித்து வைத்தால் போதும். கேடு தேட்டத்தில் உளதாயின் அவ்வழி பயன்படாது. ஆதலின் இதனை விரிவாக ஆராய்தல் தகும்.

நூலின் பின்புலம் சிறிது கூறவேண்டும். வெல்ஸ் 1884ஆம் ஆண்டில் இலண்டன் தென் கென்சிங்டனில் இருந்த அறிவியல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். அந்த ஹக்ஸ்லிதான் 1893ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய சொற்பொழிவில், உயிர்கள் தம்முள் பொருது வளரும் இயற்கை நெறி வேறு, மக்கள் ஒருவரையொருவர் தாங்கி வாழும் அறநெறி வேறு என்றும், பின்னது முன்னதனோடு ஓயாது போராடியே நிலைபெறவேண்டும் என்றும் வற்புறுத்தியவர். ஆசிரியர் சொற்பொழிவாற்றி மூன்றாண்டு கழித்து மாணவர் ‘மோரோவின் தீவு’ எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டாகிய 1897இல் ‘கட்புலனாகா மனிதன்’ ‘பியர்சன்ஸ் வீக்லி’ என்னும் கிழமை இதழில் தொடர்கதையாக வந்து நூலாயிற்று. இரண்டும் ஹக்ஸ்லி எழுப்பிய வினாவிற் பிறந்தவை எனல் மிகையாகாது. மோரோ தன் ஆய்வின் அறத்தகுதியைப் பற்றித் தான் என்றும் கவலையுற்றதில்லை என வெளிப்படையாகவே பேசுகிறான். அவ்வாறு பேசுவோனை அறிந்துகொள்ளுதல் எளிது. கிரிஃபின் அத்துணை எளியவன் அல்லன்.

கதை பலர்க்கும் தெரிந்ததே. பனி பொழியும் பிப்ரவரி நாளொன்றில், முகமெல்லாம் கட்டுத்துணி சுற்றிய அயலான் ஒருவன் சசெக்ஸ் நாட்டுப்புறத்து ஐப்பிங் என்னும் சிற்றூர் விடுதிக்கு வந்து சேர்கிறான். ஊரார் ஐயுறுகின்றனர், பூசல் விளைகிறது, அவன் உடல் கண்ணுக்குப் புலனாகாதது என்பது வெளியாகிறது. மார்வல் என்னும் நாடோடி ஒருவனை அச்சுறுத்தி ஏவலாளாக்குகிறான். அந்த நாடோடி குறிப்பேடுகளையும் பணத்தையும் கொண்டு ஓடிவிடுகிறான். குண்டடிபட்ட கிரிஃபின், முன்னாளில் தன்னுடன் கல்லூரியிற் பயின்ற மருத்துவர் கெம்ப் என்பாரது இல்லத்திற் புகுந்து தன் வரலாறு முழுதும் உரைக்கிறான். கெம்ப் அவனைக் காட்டிக்கொடுக்கிறார். வெறிகொண்டு திரியும் கிரிஃபினை ஊரார் கூடி அடித்துக் கொல்கின்றனர். இறந்தபின் அவன் உடல் சிறிது சிறிதாகக் கண்ணுக்குத் தெரியவருகிறது.

இக்கதையின் முன்னோடி மிகப் பழையது. பிளேட்டோவின் ‘குடியரசு’ இரண்டாம் பகுதியில் கிளாக்கன் கூறும் மோதிரக் கதை அது. லிதியா நாட்டு மன்னனின் இடையன் ஒருவன், நிலநடுக்கத்தாற் பிளந்த குழியுள் இறங்கி, ஆங்குக் கிடந்த பிணத்தின் விரலிலிருந்த பொன்மோதிரத்தை எடுத்துக்கொள்கிறான். அதன் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் உருவம் மறைகிறது. அவ்வளவே, அரண்மனை புகுந்து அரசியை வயப்படுத்தி அரசனைக் கொன்று ஆட்சியைக் கவர்கிறான். நல்லோன், தீயோன் இருவர்க்கும் இத்தகு மோதிரம் கிடைப்பின் இருவரும் ஒன்றே செய்வர். மக்கள் அறம் பேணுவது பிறர் காண்பரென்னும் அச்சத்தாலேயே என்பது கிளாக்கன் எழுப்பும் வாதம். அதனை மறுக்கவே அந்நூலின் எஞ்சிய பகுதி முழுதும் சாக்ரட்டீசுக்குத் தேவைப்பட்டது. திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரம் பயின்ற நம்மவர்க்கு இவ்வாதம் அத்துணைத் திகைப்புத் தாராது; பிறர் காணாவிடத்தும் காண்போர் உடம்பினுள்ளேயே உளர் என்பது ஆங்குப் பெறப்படும் விடையாதலின்.

வெல்ஸ் இப்பழங்கதையை அவ்வாறே எடுத்துக்கொண்டார் என்று சொல்லிச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவர் செய்த மாற்றமொன்று அவ்வழக்கால் மறைந்துபோயிற்று. இடையன் மோதிரத்தைத் தேடவில்லை; அது அவனுக்குக் கிடைத்தது. குழியுள் இறங்குமுன் அவன் யாவன், எத்தகையன் என்பதைக் கிளாக்கன் உரைப்பதில்லை, உரைக்க வேண்டுவதுமில்லை. ஆற்றல் கைவந்த மனிதன் யாது செய்வான் என்பதே அவனது வினா. கிரிஃபினுக்கோ எதுவும் தானே கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் முயன்று, விலை கொடுத்துப் பெற்றான். அவ்விலையைக் கொடுத்தவர் யார், எப்பொழுது கொடுத்தனர் என்பதே வெல்ஸ் எழுப்பும் வினா. பிளேட்டோவின் கதை மோதிரம் விரலிற் புகுந்தபின் தொடங்குகிறது; வெல்சின் கதையில் அறம்பற்றிய பகுதி, மோதிரம் விரலிற் புகுமுன்னரே முடிந்துவிடுகிறது.

இதற்குச் சான்று நூலின் பத்தொன்பதாம் இயலிலும் அதனை அடுத்த இயலிலும் உள்ளது. கிரிஃபின் தன் வாயாற் கூறும் வரலாறு அது. இருபத்திரண்டாம் அகவையில் மருத்துவப் படிப்பைக் கைவிட்டு ஒளியியலில் ஈடுபட்டவன். பொருளின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் ஒளிவிலகல் எண்ணளவிற்குக் குறைத்தால் அப்பொருள் கண்ணுக்குப் புலனாகாது என்ற எண்ணம் அவனுக்குத் தோன்றுகிறது. நாட்டுப்புறத்துக் கல்லூரியொன்றில் வறிய ஆசிரியனாக இருந்துகொண்டே ஆய்வு நிகழ்த்துகிறான். அவனுக்கு மேலாளராக வாய்த்த பேராசிரியர் பிறர் கருத்தைத் திருடும் இயல்பினர் என்பது அவன் எண்ணம். ஆதலின் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாது, ஒரு வரியும் வெளியிடாது, மறைவிலேயே வேலை செய்கிறான். கண்டறிந்ததைத் திடீரென உலகின்முன் வைத்து ஒரே நாளிற் புகழ்பெறவேண்டும் என்பது அவன் அவா.

ஆய்வு மாணவர் எவரும் இப்பகுதியைச் சற்று மனவுறுத்தலின்றிப் படித்தல் இயலாது. கண்ட ஏட்டுப் பாடத்தைக் கைப்பெட்டியுள் பூட்டி வைத்துக்கொண்டு, பக்கத்து மேசையிலிருப்பவர் வினவினால் வேறொன்று சொல்லித் திருப்பிவிடும் வழக்கம் ஒளியியல் அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. யாமும் அதனை அறியாதவர் அல்லேம். பேராசிரியர் உண்மையிலேயே திருடர்தாமா என்பதை வெல்ஸ் எவ்விடத்தும் உறுதிசெய்யாமல் விட்டிருப்பது கருதத்தக்கது. அவரைப்பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் கிரிஃபின் சொன்னதே. ஐயம் மெய்யா பொய்யா என்பது நிற்க. அவ்வையத்தின் நிழலில் மூன்றாண்டு தனித்திருந்ததால் அவன் என்ன ஆனான் என்பதே கதைக்கு வேண்டுவது.

மூன்றாண்டு கழிந்தபின் பணமின்றி ஆய்வு முற்றுப்பெறாது என்று காண்கிறான். அப்பொழுது தந்தையின் கையிலிருந்த பணத்தைத் திருடுகிறான். அப்பணம் தந்தைக்கு உரியதன்று. பிறர்க்குரிய பொருளைக் காத்து வைத்திருந்த அம்முதியவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாய்கிறார். இதனைக் கிரிஃபின் இரண்டு சிறு தொடர்களிற் சொல்லி முடிக்க, அவ்வியலும் அத்துடன் முடிகிறது. இந்த முடிப்பில் வெல்சின் ஆற்றலை யாம் காண்கின்றோம். அடுத்த இயலின் தொடக்கத்தில் கெம்ப் ஒன்றும் பேசாது அமர்ந்திருக்கிறார். பிறகு எழுந்து, களைத்திருக்கிறாய் என்று சொல்லி அவனைச் சாளரத்தினின்று அப்பால் அழைத்துச் செல்கிறார். தந்தையின் சாவைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. படிப்போரும் கெம்ப்புடன் சேர்ந்து வாயடைத்து நிற்கின்றனர்.

அடக்கம் செய்யும் நாளை அவன் நினைவுகூரும் பகுதி அதனினும் கொடிது. பனியும் காற்றுமான நாள், வளைந்த முதுகும் நீர்க்கோத்த மூக்குமாய் நின்ற தந்தையின் பழைய நண்பர் ஒருவர், வெறிச்சோடிய வீடு. இவ்வளவும் அவனுக்கு நுணுக்கமாக நினைவில் இருக்கின்றன. தந்தைக்காகச் சிறிதும் வருந்தவில்லை என்கிறான். தம் மூடத்தனமான மென்மையால் அவர் தாமே அழிந்தார் என்பது அவன் கருத்து. திரும்பும் வழியில், பத்தாண்டுகளுக்கு முன் பழகிய பெண்ணொருத்தி எதிர்ப்படுகிறாள். ஏதோ உந்தப் பேசுகிறான். அவள் மிகச் சாதாரணமானவளாகத் தோன்றுகிறாள். பின் தன் அறைக்குட் புகுந்து கருவிகளைக் கண்டபொழுதுதான் மெய்யான உலகிற்கு மீண்டதாக உணர்கிறான்.

இந்நிலையில் அவன் உடல் அனைவர்க்கும் நன்கு புலப்படும் உடலே. கம்பளித் துண்டொன்றைக்கூட அவன் இன்னும் மறையச் செய்தானல்லன். ஆனால் தந்தை, நண்பர், பழகிய பெண், பிறந்த ஊர் ஆகிய எல்லாரும் எல்லாமும் அவன் கண்ணுக்குப் புலனாகாதவை ஆகிவிட்டன. தான் மறையுமுன் அவன் உலகை மறைத்துவிட்டான். இதற்கு எந்த மருந்தும் எந்த ஒளிவிலகல் எண்ணும் காரணமல்ல. தேட்டம் ஒன்றே காரணம்.

அதன்பின் நிகழ்வன யாவும் இதன் தொடர்ச்சியே. கீழ்வீட்டு முதியவளின் வெண்பூனையை முதலில் மறையச் செய்கிறான். அதன் கண்ணின் பின்புறத்துப் பளபளப்பு மட்டும் மறையாது நின்று கத்துகிறது. வீட்டுக்குரியவன் ஐயுற்று வரவே, தன் உடலையும் மறைத்துக்கொண்டு வீட்டிற்குத் தீ வைக்கிறான். கெம்ப் திடுக்கிட, அதற்குக் காப்பீடு இருந்திருக்கும் என்று அமைதி கூறுகிறான். துரூரி லேனில் நாடக உடைக் கடைக்காரனைத் தலையிலடித்துத் துணியாற் சுற்றிக் கட்டிப்போடுகிறான். பொதுவான மனிதநேய வரம்பு என்று கெம்ப் தொடங்கியபொழுது, அவ்வரம்பு பொதுமக்களுக்கு ஆகும் என்பது அவன் மறுமொழி. இச்செயல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகளாகக் காண்பார் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தந்தையைத் திருடியதற்கு மேல் ஏறுவதற்குப் படியே இல்லை. பின்னவை அளவால் வேறுபடலாம், தன்மையால் வேறுபடவில்லை.

அவன் பெற்ற ஆற்றலின் தன்மையையும் நோக்குக. மறைந்திருப்பதன் மருமத்தையும் ஆற்றலையும் விடுதலையையும் கனவுகண்டவன் அவன். கிடைத்ததோ வேறு. தை மாதத்துப் பனியில் ஆடையின்றித் திரிய வேண்டியிருந்தது. உண்ட உணவு செரிக்கும்வரை பிறர் கண்ணுக்குத் தெரிந்தது. நாய்கள் மோப்பம் பிடித்தன. சேற்றில் பதிந்த அடிச்சுவட்டைச் சிறுவர் தொடர்ந்தனர். மனிதன் விரும்பும் பொருள்களை மறைந்திருப்போன் கைப்பற்றலாம். கைப்பற்றியபின் துய்த்தல் இயலாது என்று அவனே ஒப்புகிறான். அணுகவும் தப்பவும் அது உதவும். ஆதலின் கொல்வதற்கு உதவும் என்று கண்டு, அச்சத்தின் ஆட்சியொன்றை நிறுவப்போவதாகப் பேசுகிறான். ஆட்சி வேட்கை ஆற்றலிலிருந்து பிறந்ததன்று. ஆற்றல் பயனற்றுப்போன ஏமாற்றத்திலிருந்து பிறந்தது. பெற்ற ஆற்றல் அவனைக் கெடுத்தது என்போர் இவ்விடத்தை எங்ஙனம் கடந்து செல்வர் என்பது எமக்கு விளங்கவில்லை. விழித்திரை ஒளியை ஏலாது விட்டுவிடின் கண் காணாதாகலின், முற்றும் மறைந்த மனிதன் குருடனாகவே இருத்தல் வேண்டும் என்று இயற்பியலார் இந்நூல்மேற் குற்றம் சாட்டுவர். அக்குற்றம் மெய்யே. அதனையே உருவகமாக்கிப் பெரிய தத்துவம் கட்ட எமக்கும் ஆசை எழுந்தது. விழித்திரையின் பின்னே மங்கலாகச் சிறிது நிறம் எஞ்சியிருந்ததாக எழுதி வெல்ஸ் அவ்வாசைக்கு இடமில்லாமற் செய்துவிட்டார்.

இனி நூலமைப்பு. கிரிஃபின் வரலாறு கதையின் நடுவில்தான் வருகிறது. முதற்பாதி முழுதும் சிற்றூர் நகைச்சுவை. விடுதித் தலைவியின் கலக்கம், தானே பறக்கும் நாற்காலி, தலையில்லாது நிற்கும் சட்டை இவற்றைக் கண்டு நாம் சிரிக்கிறோம். நகைப்பும் அருவருப்பும் கலந்த விகாரப் புனைவு என்னும் பொருள்படத் துணைத்தலைப்பும் இட்டார் வெல்ஸ். சிரித்து முடித்தபின் தந்தையின் சாவு சொல்லப்படுகிறது. வரலாற்று முறையில் முதலில் நிகழ்ந்தது கதைமுறையில் பின்னர் வைக்கப்பட்டமையால், நாம் சிரித்த ஒவ்வொன்றும் மாறித் தோன்றுகிறது. காலமுறைப்படி சொல்லியிருப்பின் நல்லவன் கெட்ட கதையாக, படிப்படியான வீழ்ச்சியாக அது தோன்றியிருக்கும். வெல்ஸ் வீழ்ச்சியைக் காட்டவில்லை. முன்னமே வீழ்ந்தவனைக் காட்டி, எப்பொழுது வீழ்ந்தான் என்று நம்மைத் தேடச் செய்கிறார்.

விக்ஸ்டீட் கொலையைச் சொல்லும் முறையும் இத்தகையதே. ஒருவர்க்கும் தீங்கு நினையாத நடுவயதினர் அவர்; சரளைக் குழியொன்றன் அருகே இரும்புக் கம்பியால் அடிபட்டு இறந்துகிடக்கிறார். கண்டார் எவருமில்லை. கதைசொல்லி ஆண்டுத் தம் எல்லாம் அறியும் உரிமையை விட்டு இறங்கி, இவ்வாறு நிகழ்ந்திருக்கலாம் என உய்த்துணர்ந்து மட்டும் பேசுகிறார். கம்பி தானே அசைவது கண்டு வியந்து பின்தொடர்ந்தார்போலும் என்கிறார். கொலையும் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

எம் கருத்துக்கு எதிராகக் கூறத்தக்கன இரண்டு. ஒன்று, கிரிஃபின் வறியவன். பிறவியிலேயே தோலும் மயிரும் வெளுத்தவன். ஊரார் அவனை ஐயத்துடனே நோக்கினர். ஆதலின் சமுதாயமே அவனைக் கெடுத்தது என்பது. இதில் உண்மை உண்டு. வெல்சும் வறுமையை அறிந்தவர். ஐப்பிங் ஊராரை அவர் அன்புடையோராகக் காட்டவுமில்லை. ஆனால் தந்தையின் வாழ்வும் வளமுடையதன்று. அவர்மேல் இரக்கம் காட்டத் தடையாக நின்றது எந்தச் சமுதாயம்? மற்றொன்று, அவன் பித்தன்; பித்தனை அறத்தால் அளத்தல் தகாது என்பது. இவ்வெண்ணம் பரவியதற்கு 1933ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வேல் இயக்கிய திரைப்படம் பெரிதும் காரணம். அதில் மறையச் செய்யும் மருந்தே மூளையைக் கெடுக்கிறது. கிரிஃபினுக்காகக் காத்திருக்கும் காதலியும் ஒருத்தி உண்டு. படம் நன்கு எடுக்கப்பட்டதே. எனினும் அம்மருந்தைச் சேர்த்த அளவில் வெல்சின் வினா கரைந்துபோயிற்று. பழி குப்பிக்குரியதாகி, மனிதன் தப்பிவிடுகிறான். நூலில் அத்தகைய குப்பி இல்லை.

தேட்டமே முதற்கேடு என்னும் இக்கருத்து வெல்சுக்கு முன்னரும் அறிவியற் புனைகதையில் உண்டு. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நூலில், இங்கோல்ஸ்டாட் நகரில் உயிராக்க முயலும் விக்டர் வீட்டிலிருந்து வரும் மடல்களுக்கு விடை எழுதுவதை நிறுத்திவிடுகிறான். பிற்காலத்தில் அதனை எண்ணிப் பார்த்து, அன்பைத் தளரச் செய்யும் எக்கல்வியும் முறையற்றது என்கிறான். இவ்விதியைப் போற்றியிருந்தால் கிரேக்கம் அடிமைப்பட்டிராது, மெக்சிகோவும் பெருவும் அழிந்திரா என்றும் சேர்க்கிறான். ஆய்வறைத் தேட்டத்தையும் பேரரசுத் தேட்டத்தையும் ஒரே அளவுகோலால் அவன் அளப்பது வியப்பே. அவ்வாறு தெளிவாகப் பேச வல்லவன், செய்யாத கொலைக்காக ஜஸ்டின் என்னும் ஏழைப்பெண் தூக்கிலிடப்படும்பொழுது, உண்மை அறிந்தும் வாய் திறவாதிருந்தவன் என்பதையும் உடன் கருதவேண்டும். விக்டர் வருந்துகிறான், கிரிஃபின் வருந்தவில்லை. ஜஸ்டினுக்கு அவ்வேறுபாட்டால் பயனொன்றும் விளையவில்லை.

கெம்ப்பைப் பற்றிக் கூறாது விடின் இவ்வாய்வு குறையுடையதாகும். திறனாய்வாளர் பலர் அவரைக் கிரிஃபினுக்கு எதிர்நிலையில் நிறுத்தி அறத்தின் உருவாகக் காண்பர். நூல் அதற்கு இடந்தரவில்லை. கெம்ப்பும் இராயல் கழக உறுப்பினர் பதவியை எண்ணி இரவுதோறும் உழைப்பவரே. உன் விடுதலைக்கு ஊறு செய்யேன் என்று காயமுற்ற விருந்தினனுக்குச் சொல் கொடுக்கிறார். அவன் உறங்கியபின் செய்தித்தாள்களைப் படித்து, இது நம்பிக்கைக் கேடாகுமோ என்று ஒருமுறை தம்முள் வினவி, இல்லையெனத் தாமே விடை கூறி, காவல் தலைவர்க்குச் சீட்டு எழுதுகிறார். என்னைப் பழிக்கிறீரா என்று கிரிஃபின் கேட்கும்பொழுது, தாம் எவரையும் பழிப்பதில்லை, அது வழக்கொழிந்தது என்கிறார். காலம் போக்குவதற்காகச் சொன்ன சொல்லே எனினும் உறுத்துவது. அவன் தப்பியோடியபின் கெம்ப் கூறும் வழி யாது? ஆடையின்றி வெறுங்காலுடன் திரிபவன் மிதிக்குமாறு சாலைகளிற் கண்ணாடித்தூள் தூவவேண்டும் என்பது. கொடிதுதான் என்று அவரே ஒப்புகிறார். முறையான ஆட்டமன்று என்று முணுமுணுத்த காவல் தலைவரும் தூளைத் திரட்டி வைக்க இசைகிறார். அவன் மனித இனத்தினின்று தன்னைத் துண்டித்துக்கொண்டவன் என்பது கெம்ப் காட்டும் காரணம்.

காட்டிக்கொடாமலிருந்தால் மேலும் பலர் மடிந்திருப்பர். ஆதலின் கெம்ப் செய்தது சரியே என்று வாதிடலாம். யாமும் அவ்விடத்திலிருந்தால் சீட்டு எழுதியிருப்போம். கண்ணாடித்தூளை எண்ணியிருப்போமா என்பதற்கு விடை கூற எமக்குத் துணிவில்லை. வேட்டையாடப்படுபவனிடம் நிகழ்ந்த தேய்வு வேட்டையாடுவோரிடமும் தொடங்கிவிட்டது என்பதை வெல்ஸ் சொல்லாமற் சொல்கிறார். ஓராண்டும் ஆகவில்லை, ஒரு பகலிலேயே தொடங்கிவிட்டது.

இவ்விடத்தை வெல்சுக்குப்பின் எவரும் ஜார்ஜ் ஆர்வெல்லைப் போல ஆழமாகத் தோண்டவில்லை. 1949இல் வெளிவந்த அவரது ‘1984’ என்னும் நெடுங்கதையில், அதிகாரத்தின் நோக்கம் அதிகாரமே என்று ஓபிரையன் கூறும் பகுதியையே எல்லாரும் எடுத்துக்காட்டுவர். எமக்கு அதனினும் கூர்மையாகப் படுவது வேறோர் இடம். கொடுங்கோன்மையை எதிர்க்கும் மறைவுக் கழகத்திற் சேர விழையும் வின்ஸ்டனையும் ஜூலியாவையும் ஓபிரையன் வரிசையாக வினவுகிறான்: கொலை செய்வீரா, குற்றமற்ற பலரின் சாவுக்குக் காரணமாவீரா, பயன் விளையுமாயின் குழந்தையொன்றின் முகத்தில் கந்தக அமிலம் வீசுவீரா? இருவரும் ஆம் என்கின்றனர். ஒருவரையொருவர் பிரிய இசைவீரா என்றபொழுது மட்டுமே மறுக்கின்றனர். பின்னர்ச் சிறையில், தான் தன்னைத் துன்புறுத்துவோரினும் அறத்தால் உயர்ந்தவன் என்று வின்ஸ்டன் கூற, ஓபிரையன் அன்றைய உரையாடலின் ஒலிப்பதிவை இயக்கிக் காட்டுகிறான். வின்ஸ்டனின் குரலே அவனுக்கு எதிராகப் பேசுகிறது. அவன் கையில் எந்த அதிகாரமும் இருந்ததில்லை. இடையனின் மோதிரமும் இல்லை. கிரிஃபினின் மருந்தும் இல்லை. நல்ல நோக்கத்திற்காக அதிகாரத்தை வீழ்த்தும் அதிகாரத்தை அவன் நாடினான், அவ்வளவே. கிரிஃபினின் தேட்டம் தன்னலம். இவனது தேட்டம் பிறர்நலம். குழந்தையின் முகத்திற்கு இரண்டும் ஒன்றே.

இனி வெல்சின் முடிவுரைக்கு வருவோம். மண்வெட்டியும் முட்டியுமாய் ஊரார் கிரிஃபினைக் கொன்றபின் கதை நின்றுவிடவில்லை. மார்வல் இப்பொழுது விடுதியொன்றன் உரிமையாளன். கிரிஃபினிடமிருந்து எடுத்த பணம் அவனிடமே தங்கிவிட்டது. மூன்று குறிப்பேடுகளும் அவனிடமே உள்ளன. கெம்ப் எத்தனையோ முறை துருவித் துருவி வினவியும் மார்வல் ஒன்றும் அறியாதவனாகவே நடிக்கிறான். இறந்தவனுடைய குறிப்பேடுகள் கெம்ப்புக்கு எதற்கு என்று வெல்ஸ் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் தாழிட்டு, பலகணியின் மறைப்பை இழுத்துவிட்டு, மதுக்கோப்பையுடன் மார்வல் அவற்றை எடுத்து விரிக்கிறான். நீரில் ஊறிச் சில பக்கங்கள் வெளுத்துவிட்டன. எழுத்துக்களும் குறிகளும் அவனுக்கு விளங்கவில்லை. எனினும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வோர் ஏடாகத் திருப்புகிறான். இதன் மறைபொருள் கைவந்தால் அந்த ஆள் செய்ததைத் தான் செய்யப்போவதில்லை என்று எண்ணுகிறான். வேறு என்ன செய்வான் என்பதை அவன் தனக்கே சொல்லி முடிப்பதில்லை.